சொப்பிங் பேக்கில் சொதி: உடல் பருமனும் சமையலறைப் பிளாஸ்டிக்கும்

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கம் காலை ஆறரை மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நின்று பாருங்கள். இடியப்பம் லஞ்ச் சீற்றில் மடியும். பிறகு கொதிக்கிற சொதியை அகப்பையால் அள்ளி மெல்லிய பொலித்தீன் பைக்குள் ஊற்றுவார்கள். பை உடனே தளர்ந்து தொங்கும், உள்பக்கம் ஆவி படியும். வாயைச் சுருக்கி ஒரு ரப்பர் பாண்டைப் போட்டுக் கையில் தருவார்கள். அடியில் கை வைத்தால் சுடும் என்பதால் வீடு வரும்வரை முடிச்சில் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும். என் மச்சாள் ஏழு மாதக் கர்ப்பிணி. எழுந்து தேங்காய் துருவ முடியாத நாட்களில் அந்தப் பைதான் அவளுடைய காலைச் சாப்பாடு.

போன மாதம் கிளினிக்கில் நிறை பார்த்தபோது அவளுக்கு ஏச்சு விழுந்தது. “என்ன தங்கச்சி, வாயைக் கொஞ்சம் கட்டுங்க” என்று வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கொஞ்சம் பெருத்த உடம்புதான். சீனியைக் குறைத்தும் பார்த்தாள், பின்னேரங்களில் கடற்கரையில் நடந்தும் பார்த்தாள். இரண்டு கிலோ இறங்கும், மறுகா மூன்று கிலோ ஏறும்.

சோற்றைக் குறை, நடையைக் கூட்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த இரண்டும் இல்லாமல் நிறையைப் பற்றிப் பேசவே முடியாது. ஆனால் கதை அதோடு முடிந்துவிடுவதாக நினைப்பதுதான் தவறு. 1990இலிருந்து 2022 வரை உலகில் பருமனான பெரியவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேலாகியது. சிறுவர், பதின்ம வயதினரிடையே அது நான்கு மடங்கானது. இன்று 100 கோடிக்கு மேற்பட்டவர்கள் பருமனுடன் வாழ்கிறார்கள். முப்பது வருடத்துக்குள் உலகம் முழுவதிலும் மனிதர்களின் மனக்கட்டுப்பாடு மட்டும் இப்படி உடைந்துபோயிருக்கும் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. பக்கெற் சாப்பாடும், உட்கார்ந்தே செய்கிற வேலையும், நித்திரைக் குறைவும் பெரிய காரணங்கள். அவற்றோடு சேர்த்து ஆராயப்படுகிற இன்னொரு காரணம், நம் உடம்பின் ஓமோன்களுக்குக் குறுக்கே போகிற இரசாயனங்கள்.

ஓமோன் என்பது உடம்புக்குள் ஓடுகிற தபால். ஒரு சுரப்பி எழுதும், இரத்தம் கொண்டுபோகும், தூரத்தில் இருக்கிற கலம் அதைத் தன் வாங்கியில் பெற்றுப் படித்து வேலை செய்யும். பசி எப்போது எடுக்க வேண்டும், எவ்வளவு சக்தியை எரிக்க வேண்டும், எவ்வளவைக் கொழுப்பாகச் சேமிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தபாலில்தான் போகிறது. அதன் அளவு மிக மிகச் சிறியது, ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் குறைவு. அதனால் ஓமோனைப் போலவே உருவம் கொண்ட ஒரு வெளிப்பொருள் சின்ன அளவில் வந்தாலும் வாங்கி ஏமாறிப்போகலாம். 1991இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் தியோ கோல்போர்ன் என்ற விஞ்ஞானி கூட்டிய கூட்டத்தில்தான் இப்படியான பொருட்களுக்கு ‘அகச்சுரப்பியைக் குழப்பும் இரசாயனம்’ என்ற பெயர் வந்தது. அப்போது பேசப்பட்டது முக்கியமாக இனப்பெருக்கம் பற்றி. கொழுப்பு பற்றிய பேச்சு பிறகு வந்தது. அது வந்த வழி கடற்கரைக்காரரான நமக்கு நன்றாகவே புரியும்.

வாழைச்சேனையிலோ கல்முனையிலோ வள்ளத்தைக் கரையேற்றி, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற சிப்பியையும் பாசியையும் சுரண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒட்டாமல் இருக்க 1960களிலிருந்து உலகம் முழுவதும் கப்பல் பெயின்ற்றில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்வையைக் கலந்தார்கள். பெயின்ற் அருமையாக வேலை செய்தது. ஆனால் பிரான்சின் ஆர்க்கசோன் குடாவில் வளர்த்த சிப்பிகளின் ஓடு தடித்துக் கோணியது, குஞ்சுகள் தங்கவில்லை, தொழிலே படுத்துவிட்டது. பெண் கடல்நத்தைகளில் ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நத்தையின் பாலினத்தை மாற்றுகிற ஒரு பொருள் வேறு என்னென்ன செய்யும் என்று கலிபோர்னியாவில் புரூஸ் புளூம்பேர்க், பீலிக்ஸ் குரூன் ஆகியோர் தேடினார்கள். அது போய் ஒட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று, கொழுப்புக் கலங்களை உருவாக்கக் கட்டளையிடுகிற வாங்கி. கர்ப்பமான எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது குட்டிகள் பிறக்கும்போதே உடம்பில் கூடுதல் கொழுப்போடு பிறந்தன, வளர்ந்தபோதும் கொழுப்பு கூடவே இருந்தது. 2006இல் அவர்கள் இந்த வகைப் பொருட்களுக்கு ‘ஒபிசோஜன்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் கொழுப்பூக்கி என்று சொல்லிக்கொள்ளலாம். 2013இல் அதே ஆய்வுகூடம், தாய் எலி குடித்த தண்ணீரில் கலந்த டிரைபியூட்டைல்டினின் விளைவு பேரக்குட்டிகளையும் தாண்டி அடுத்த தலைமுறை வரை போவதைக் கண்டது.

கருவில் நடப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? நம் எலும்பு மச்சையில் சில தாய்க்கலங்கள் இருக்கின்றன. அவை எலும்பாகவும் மாறலாம், கொழுப்பாகவும் மாறலாம். எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கிற நேரத்தில் கொழுப்பூக்கி வந்து நின்றால், கூடுதலான கலங்கள் கொழுப்புப் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. ஒரு மனிதனின் கொழுப்புக் கலங்களின் எண்ணிக்கை சிறுவயதிலும் பதின்ம வயதிலும்தான் அமைகிறது என்றும், பெரியவரானபின் அது அநேகமாக மாறுவதில்லை என்றும் 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வருடத்துக்குப் பத்து வீதமளவு பழைய கலங்கள் செத்துப் புதியவை வருகின்றன, மொத்தம் அப்படியே நிற்கிறது. மெலிந்தால் கலங்கள் சுருங்கும், குறையாது. சுருங்கிய கலம் மறுபடி நிரம்பக் காத்திருக்கும். என் மச்சாளின் இரண்டு கிலோவும் மூன்று கிலோவும் எனக்கு விளங்கியது இதைப் படித்தபோதுதான்.

சரி, நம் வீட்டுக்குள் என்ன இருக்கிறது?

அதிகம் பேசப்படுவது பிஸ்பீனோல் ஏ, சுருக்கமாகப் பிபிஏ. கண்ணாடி மாதிரித் தெளிவாகவும் கடினமாகவும் இருக்கிற பொலிகாபனேற் பிளாஸ்டிக் இதிலிருந்துதான் வருகிறது. அலுவலகங்களில் குப்புறக் கவிழ்த்து வைக்கிற பெரிய தண்ணீர்ப் போத்தல்களில் பல அந்த வகை. ரின்மீன் பேணிகளின் உட்பூச்சிலும் இது சேர்ந்திருக்கலாம். சுப்பர்மார்க்கற் பில் அச்சாகிற அந்த வழுவழுப்பான தாளில் பிபிஏயோ அதன் உறவுக்காரப் பொருளோ தூள் மாதிரிப் பூசியிருக்கும், விரலில் ஒட்டும். சனிற்றைசர் பூசிய ஈரக்கையால் பிடித்தால் தோல்வழி இன்னும் கூடுதலாக உள்ளே போகிறது என்று ஆய்வு இருக்கிறது. நாள் முழுக்கப் பில் கிழித்துக் கொடுக்கிற பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அவர்களில் பலர் இருபது, இருபத்தைந்து வயதுப் பெண்கள்.

அடுத்தது தலேற்றுகள். பிவிசி பிளாஸ்டிக்கை இளக்கமாக்க இவற்றைச் சேர்க்கிறார்கள். மேசை விரிப்பு, றெக்சின், குழாய், இவை தவிர வாசனை நீண்ட நேரம் நிற்பதற்காகச் சென்ற், கிறீம், ஷாம்பு வகைகளிலும் சில தலேற்றுகள் உண்டு. மூன்றாவது, ஒட்டாத தாச்சிகளோடும் எண்ணெய் ஊறாத கடதாசிப் பெட்டிகளோடும் தொடர்புபட்ட புளோரின் சேர்வைகள். பிபிஏயும் தலேற்றும் ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். புளோரின் சேர்வைகள் சில, உடம்பில் வருடக்கணக்கில் தங்கும். உணவைக் கட்டுப்படுத்தி மெலிந்த 621 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. இரத்தத்தில் இந்தச் சேர்வைகள் கூடுதலாக இருந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், இழந்த நிறையைக் கூடுதலாகத் திரும்பப் பெற்றார்கள்.

சொதிப் பைக்கு வருகிறேன். இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். லஞ்ச் சீற்றும் மெல்லிய பையும் பொலிஎதிலீன். அது பிபிஏயால் செய்யப்படுவதல்ல, தலேற்று சேர்த்தால்தான் இளகும் என்றும் இல்லை. ‘பொலித்தீனில் பிபிஏ இருக்கிறது’ என்று சுற்றுகிற வட்ஸ்அப் செய்திகள் அந்த அளவில் பிழை. ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கும் வெறும் பிளாஸ்டிக்காக வருவதில்லை. நிறத்துக்கு ஒன்று, வெயிலில் வெடிக்காமலிருக்க ஒன்று, இயந்திரத்தில் வழுக்கிப் போக ஒன்று என்று சேர்த்துத்தான் வருகிறது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததென்றால் முந்தைய பிறவியில் அது என்னவாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 2022இல் நோர்வேயில் ஓர் ஆய்வுக் குழு தயிர்க் கிண்ணம், குடிபானப் போத்தல், சமையலறைப் பஞ்சு என்று 34 சாதாரணப் பொருட்களை எடுத்து அவற்றிலிருந்த இரசாயனங்களைப் பிரித்தது. 55,000க்கு மேற்பட்ட இரசாயனக் கூறுகள் தெரிந்தன, அவற்றில் 629ஐ மட்டுமே அடையாளம் காண முடிந்தது. மூன்றிலொரு பங்குப் பொருட்களின் சாறு, ஆய்வுகூடத் தட்டில் கொழுப்புக் கலங்களை வளர்த்தது. பெயர் தெரிந்த கொழுப்பூக்கிகள் இல்லாத பொருட்களிலும் அது நடந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

இந்தச் சேர்மானங்கள் வெளியே கசிய மூன்று விஷயம் உதவும்: சூடு, கொழுப்பு, புளிப்பு. கொதிக்கிற தேங்காய்ப்பாலில் தேசிக்காய்ப் புளி விட்ட சொதியில் மூன்றும் இருக்கிறது. ஆறிய பாணை அதே பையில் கொண்டுவருவதும் சொதியைக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. பையை ஒரேயடியாகப் பேய் பிசாசு மாதிரிப் பார்க்கத் தேவையில்லை, சூட்டைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆவியில் அவித்து அவித்து வெளிறிப்போன இடியப்பத் தட்டுகள் ஒரு அடுக்கு இருந்தது. ஒரு காலத்தில் கடும் சிவப்பு, பிறகு ரோஸ், கடைசியில் விளிம்பு விரலால் தொட்டாலே நொறுங்கியது. அந்தச் சிவப்பும் நொறுங்கிய விளிம்பும் எங்கே போயிருக்கும்?

இதைவிடப் பழைய கதை ஒன்று நம் மாவட்டங்களுக்கு உண்டு. என் பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, ஊர் படுவான்கரை. மலேரியாவுக்கு மருந்து அடிக்கிறவர்கள் வந்த நாட்களைப் பற்றி இப்போதும் சொல்லுவா. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பாயையும் பானையையும் முற்றத்தில் எடுத்து வைக்கச் சொல்லி, மண் சுவர் முழுக்கப் பீச்சுவார்கள். காய்ந்தபின் சுவரில் வெள்ளைத் தடம் நிற்கும். அந்தச் சுவரோரம்தான் அன்றிரவு படுக்கை. அது டிடிரி என்ற பூச்சிகொல்லி. இலங்கையில் 1946இல் தொடங்கி 1970கள் வரை அடித்தார்கள். மலேரியா ஒரு வருடத்தில் பத்து இலட்சம் பேரைப் பிடித்த நாட்டில் 1963இல் 17 பேருக்கு மட்டும் வந்தது என்றால், அந்த மருந்து எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதை அடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் டிடிரி கொழுப்பில் கரைந்து உடம்பில் நெடுங்காலம் தங்குகிற பொருள். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் 1959க்கும் 1967க்கும் இடையில் கர்ப்பிணிகளின் இரத்தத்தை எடுத்துச் சேமித்து வைத்திருந்தார்கள். அவர்களின் மகள்மாரையும் பேத்திமாரையும் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. பெத்தாவின் இரத்தத்தில் ஒரு வகை டிடிரி கூடுதலாக இருந்தால், பேத்தி இளம் வயதில் பருமனாக இருக்கும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடியிருந்தது. அந்தப் பெத்தா அதிக நிறை இல்லாதவராக இருந்தபோதுதான் இந்தத் தொடர்பு காணப்பட்டது. நடக்கக்கூடிய காரியம்தான். பெத்தா கர்ப்பமாக இருந்தபோது அவருடைய வயிற்றுக்குள் அம்மா இருந்தா. பெண் சிசுவுக்குப் பிறப்பதற்கு முன்பே சூலகத்தில் முட்டைகள் உருவாகிவிடும் என்பதால், பேத்தியாக வரப்போகிற முட்டையும் அப்போதே அங்கேதான். ஒரு சுவரோரத்தில் மூன்று தலைமுறை ஒன்றாகப் படுத்திருந்திருக்கிறது.

ஓக்லண்டில் கண்டது படுவான்கரைக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கிளினிக் வரிசையில் ஒரு பெண்ணின் நிறையைப் பார்த்து ‘வாயைக் கட்டு’ என்று சொல்லுமுன், அந்த நிறையில் எத்தனை பேருடைய வாழ்க்கை ஏறி நிற்கலாம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளில் பலவீனம் இல்லையா? இருக்கிறது. பிபிஏயையும் பருமனையும் சேர்த்துக் காட்டுகிற மனித ஆய்வுகளில் பல, ஒரு நாள் சிறுநீரையும் அதே நாள் நிறையையும் ஒப்பிடுபவை. பக்கெற் சாப்பாடு கூடச் சாப்பிடுகிறவருக்குப் பிபிஏயும் கூடும், நிறையும் கூடும். எது எதைக் கொண்டுவந்தது என்று அதில் பிரிக்க முடியாது. பருமனில் இத்தனை வீதம் இரசாயனத்தால் என்று யாராவது இலக்கம் சொன்னால் நம்பாதீர்கள். கருவில் பட்டதைப் பிறகு பிள்ளையோடு பின்தொடர்கிற ஆய்வுகள்தான் கனம் கூடியவை. அவற்றில் மிக உறுதியாகத் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு, தாய் புகைத்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பருமன் கூடுகிறது என்பது. நம் பெண்கள் புகைப்பதில்லை, சரி. வீட்டுக்குள் சிகரட் குடிக்கிற ஆண்களும், ஈர விறகு பிடிக்கவில்லை என்று அடுப்பை மூட்டச் சொப்பிங் பேக்கைக் கொளுத்துகிற பழக்கமும் இருக்கிறது. நியூயோர்க்கில் கர்ப்பிணிகளின் சுவாசக் காற்றில் இருந்த எரிபுகைச் சேர்மங்களை அளந்து பின்தொடர்ந்தபோது, அவை கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பருமன் கூடியிருந்தது. குப்பையில் பிவிசி கலந்திருந்தால் டயொக்சின் என்ற நச்சுப்பொருளும் வரும்.

ஆதாரம் முழுமையாகும்வரை காத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிபிஏக்கு ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று ஓர் அளவு வைத்திருந்தது. 2023இல் அதை மீளாய்வு செய்து 20,000 மடங்கு குறைத்தது. அதற்கு முன்பு வரை பாதுகாப்பானது என்று நம்பிய அளவை உட்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது பெரியவர்கள். 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவோடு தொடுகிற பொருட்களில் பிபிஏயைத் தடை செய்தது. ‘பிபிஏ இல்லை’ என்று லேபல் ஒட்டி வருபவற்றில் சிலவேளை பிஸ்பீனோல் எஸ் இருக்கும், அதுவும் ஓமோனோடு அதே மாதிரித்தான் நடந்துகொள்கிறது. ஒவ்வொன்றாகத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

இலங்கையில் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடைக்குள் வந்தன. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் போனபின் எடுத்த முடிவு அது. 2023 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ ஆகியவற்றோடு இடியப்பத் தட்டும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு தடையும் குப்பையை நினைத்துப் போட்டவை. அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்துக் கிடந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம், கலங்கினோம். யானையின் வயிற்றுக்குப் போனது முதலில் நம் சாப்பாட்டைச் சுற்றியிருந்தது என்ற பேச்சு மட்டும் வரவில்லை. கடைக்காரரைப் பிடித்துத் தண்டப்பணம் எழுதுவதால் இது தீராது. வாழையிலைக்கும் லஞ்ச் சீற்றுக்கும் விலையில் உள்ள இடைவெளியை அவர் எங்கிருந்து கொடுப்பார்? கர்ப்பிணிகளுக்குத் திரிபோஷாப் பை கொடுக்கிற அதே மேசையில், சூடான சாப்பாட்டை எதில் வாங்குவது என்று இரண்டு வசனம் சொல்லலாம். அதற்குப் புதிய சட்டமோ பணமோ தேவையில்லை.

நம்பிக்கை தருகிற ஓர் ஆய்வும் உண்டு. 2011இல் கலிபோர்னியாவில் ஐந்து குடும்பங்கள், மொத்தம் இருபது பேர், மூன்று நாள் பேணியும் பிளாஸ்டிக்கும் தொடாத புதிய சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, ஒரு முக்கியமான தலேற்று பாதிக்கு மேல் குறைந்தது. மூன்று நாள்தான். மூன்று நாளில் நிறை குறையாது, ஆனால் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு அந்த மூன்று நாளும் கணக்கில் வரும்.

மச்சாள் இப்போது ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியை அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறாள். இடியப்பத் தட்டுக்குப் பிரம்புத் தட்டு வாங்கியாயிற்று, கழுவிக் காயவைப்பது கரைச்சல்தான், இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தயிர் எப்போதும் போலச் சட்டித் தயிர். ஷாம்பு, பவுடர் விஷயத்தில் அவளோடு என்னால் வெல்ல முடியவில்லை, பிள்ளை பிறக்கும்வரை சென்ற் வேண்டாம் என்ற அளவில் நிற்கிறோம்.

அடுத்த கேள்வி பால் போத்தல். தாய்ப்பால்தான் கொடுக்கப்போகிறாள், உடம்பில் தங்கியிருக்கிற பழைய இரசாயனம் கொஞ்சம் பாலில் வரும் என்றாலும் தாய்ப்பாலின் நன்மை அதைவிடப் பெரிது என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் யாரோ ஒரு போத்தலை முன்கூட்டியே அன்பளிப்பாகத் தந்துவிட்டார்கள். அடியைத் திருப்பிப் பார்த்தோம், முக்கோணத்துக்குள் 5. அது பொலிபுரொப்பிலீன், பிபிஏயால் செய்ததல்ல. ஆனால் சுடுநீர் பட்டால் பொலிபுரொப்பிலீன் போத்தல் ஒரு லீற்றருக்கு 1 கோடியே 60 இலட்சம் வரை நுண்துகள்களை விடலாம் என்று 2020இல் அயர்லாந்தில் அளந்திருக்கிறார்கள். 7 என்று இருந்தால் பொலிகாபனேற்றாக இருக்கலாம், அதை எடுத்து வைத்துவிடுவதே நல்லது. எப்போதாவது மாப்பால் கரைக்க வேண்டி வந்தால், கிருமி சாகிற சூட்டில், அதாவது 70 பாகைக்குக் குறையாத தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அதை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் கரைத்து, மூடி ஆறவைத்து, இளஞ்சூடானபின் போத்தலில் ஊற்றலாம். அவித்த போத்தலை, முன்னமே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசிவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கிற துகளும் குறையும்.